மரியதாஸ் அண்ணையும் குதிரைப்படையும்

இந்த வருடம் தொலைபேசி அடித்தாலே வன்னி என்றுதான் நெஞ்சு பதறியது. சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன பிறகும் அந்தப் பதற்றம் போகவில்லை. சென்ற கிழமை காலையில் வந்த அழைப்போ இங்கே கனடாவில், யூனியன்விலில் இருந்து. "தம்பி, இவர் எழும்பேல்லை" என்றார் மரியதாஸ் அண்ணையின் மனைவி ஸ்ரெல்லா அக்கா. நித்திரையிலேயே மாரடைப்பு. இழவுச் செய்தி இந்தப் பக்கத்திலிருந்தும் வரும் என்று நான் நினைத்திருக்கவேயில்லை.

மன்னாரில் பிறந்த அண்ணையும் நானும் பாண் சுடும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் வந்த புதிதில், பனிக்காலம் முழுவதும் என்னைக் காரில் ஏற்றி, தன் வழியில் இல்லாத அஜக்ஸில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குத் திரும்புவார். ஏன் அண்ணை வீண் அலைச்சல் என்றால், "சும்மா கதையாமல் ஏறும் காணும்" என்பார். அன்பாகப் பேச அவருக்கு வராது.

வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்த அண்ணையின் ஒரே தம்பி அன்ரனிடமிருந்து மாசிக்குப் பிறகு அழைப்பில்லை. மாப் படிந்த வேலைச் சட்டையோடேயே அண்ணை, சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கே நடந்த ஊர்வலங்களுக்கு வந்தார். பதாகையைப் பிடித்தபடி நின்ற நிலையில் கண்ணயர்ந்ததையும் கண்டிருக்கிறேன். சண்டை முடிந்த கையோடு, அன்ரன் செல் குண்டு விழுந்து செத்துப்போனதாக யாரோ சொல்லிவிட்டார்கள். படம் வைத்துப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி சொந்தக்காரர் நெருக்கினார்கள்.

படத்துக்குச் சட்டம் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய சாமான் கடையில் நல்ல மரச்சட்டம் ஒன்று இருந்தது. உள்ளே விக்டோரியா மகாராணி காலத்தில் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படம். வெள்ளைக்காரக் குதிரைப்படை ஏதோ எல்லை மலையில் சண்டைக்கு ஏறுகிறது. படை வரிசையின் கடைசியில் தலைப்பாகைக்காரன் ஒருவன் மூட்டை ஏற்றிய கழுதையை இழுத்துக்கொண்டு நடக்கிறான். சட்டத்துக்காகத்தான் அதை வாங்கினோம். வீட்டில் நான் பின் அட்டையைக் கழற்றப் போக, அண்ணை கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடும். உப்பிடியே மாட்டுவம்."

"அப்ப அன்ரன்ரை படம்?"

"செத்தவையைத்தானே சட்டம் போட்டு மாட்டுறனாங்கள். அவன் செத்ததை ஆர் கண்டது?" கழுதைக்காரனை விரலால் தொட்டார். "இவனையும் வீட்டிலை அழுது முடிச்சிருப்பினம். இவன் நடந்துகொண்டெல்லோ இருக்கிறான்."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சுவரில் குதிரைகளைக் கண்டு முழித்தார்கள். மூளை பிசகிவிட்டது என்று சிலர் வெளியில் போய்ச் சொன்னார்கள். எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, வழமைபோல வேலைக்கு வந்துபோனார்.

அண்ணையை அடக்கம் செய்துவிட்டு வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட ஸ்ரெல்லா அக்கா அதை என்னிடம் நீட்டினார்.

"நான் அன்ரன், வவுனியா அகதி முகாமிலை இருந்து. வேறை ஒராளின்ரை போன், கெதியா அண்ணையைக் குடுங்கோ."

"அண்ணை கடைசிவரைக்கும் உம்மைச் சாகவிடேல்லை" என்றேன். பிறகு மற்றதையும் சொல்லவேண்டியிருந்தது.

குதிரைப்படை இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. அண்ணையின் படத்தைச் சட்டம் போடாமல் மேசையில் சாய்த்து வைத்திருக்கிறார் அக்கா. "அன்ரன் வந்து மாட்டட்டும்" என்கிறார்.

போய்வாருங்கள் அண்ணை. நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் இவ்வளவு பொறுத்த நீங்கள், இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாம்.