தொண்ணூறு அடி மினாரா

பௌதிகவியல் டியூஷனில் நான் எழுதிய முதல் பரீட்சையில், சாய்தளத்தில் வைத்த பெட்டி கீழே வழுக்காமல் மேலே ஏறியது. சைன் வரவேண்டிய இடத்தில் கொஸ்ஸைப் போட்டு, கூட்டவேண்டியதைக் கழித்து, புவியீர்ப்பையே தலைகீழாக்கியிருந்தேன். உயர்தரத்தில் பயோ படிக்கிறவனுக்குக் கணிதம் தேவையில்லை என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவன் நான். செங்கோண முக்கோணியில் செம்பக்கம் எது என்று கேட்டால், கொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன்.

புள்ளிகள் நேரே வாப்பாவின் வாட்ஸப்புக்குப் போய்விட்டன. கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்த வாப்பாவுக்கு, நான் கொமர்ஸ் படித்துக் கடையில் உட்கார வேண்டும். உம்மாவுக்கோ நான் ஏற்கெனவே டொக்டர்; சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து தலைவலிக்கு என்ன குளிசை நல்லது என்று என்னிடம்தான் கேட்பார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் அந்த ஆசைதான். ஆயுள் முழுக்கச் சாரியை விரித்து விரித்து மடிப்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

வாப்பா சத்தம் போடவில்லை.

"எங்கட பள்ளி மினாரா எவ்வளவு ஒசரம் எண்டு, மேல ஏறாம, ஒருத்தருக்கிட்டயும் கேக்காம அளந்து சொல்லு. சரியா வந்தா பயோ. பிழைச்சா திங்கக்கிழமையில இருந்து கொமர்ஸ் கிளாஸ்" என்றார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து அந்த மினாராவைக் கட்டுவித்தவர்களில் அவரும் ஒருவர். விடை அவருக்குத் தெரியும்.

சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீண்டால் பின்னேர அசறு தொழுகைக்கு நேரமாகும். நிழலும் உயரமும் சமன் என்றால் கோணம் நாற்பத்தைந்து பாகை. டான் நாற்பத்தைந்து ஒன்று. எனக்குப் பாடமான ஒரே டான் அதுதான். ஆகவே அசறு பாங்கு சொல்லும்போது நிழலை அளந்தால் போதும், அதுவே உயரம். மார்க்கமும் விஞ்ஞானமும் என் தலைக்குள் கைகோத்து நிற்பதாக எண்ணிப் புல்லரித்துப் போனேன்.

மாரி மழை விட்ட நாட்கள் அவை. பாங்கு கேட்டு எல்லோரும் கைகால் கழுவி வுழூ செய்யப் போக, நான் மட்டும் பள்ளி வளவில் டேப்பை இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். பாங்கு சொல்லிவிட்டு வந்த மோதினார் எட்டிப் பார்த்தார்.

"என்ன மகன், பள்ளிக் காணியப் பிரிக்கிறியா?"

நிழல் தொண்ணூறு அடி இருந்தது. தொழுதுவிட்டுக் கடைக்கு ஓடினேன். வாப்பா சீத்தைத் துணி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தொண்ணூறோ? அப்ப மிச்சத்த நாங்க கட்ட முந்தி நீயே கட்டிட்டாய்."

துணி வாங்க வந்திருந்த பெண்கூடச் சிரித்தார். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அதே நேரம், பன்னிரண்டு அங்குல அடிமட்டத்தை வளவில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். நிழல் பதினெட்டு அங்குலம். அடிமட்டத்தைச் சந்தேகித்தேன், மோதினாரின் மணிக்கூட்டைச் சந்தேகித்தேன், சூரியனையும் சந்தேகித்தேன். என்னைச் சந்தேகிக்கத்தான் நேரம் எடுத்தது. பிறகுதான் அந்தப் பாடத்தின் மறுபாதி நினைவுக்கு வந்தது. நடுப்பகலில் விழும் நிழலைக் கழித்துவிட்டுத்தான் உயரத்தளவு பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நடுப்பகலிலும் நிழல் நீளமாகவே விழும். முதல் பாதியைக் கேட்டதுமே நான் விளையாட ஓடியிருப்பேன்.

அப்படியென்றால் கோணம் நாற்பத்தைந்தே இல்லை. ஆனால் அடிமட்டமும் அதன் நிழலும் ஒரு சின்னச் செங்கோண முக்கோணி. மினாராவும் அதன் நிழலும் பெரிய முக்கோணி. சூரியன் ஒன்று, கோணமும் ஒன்று. எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுத்தால் மூன்றில் இரண்டு. தொண்ணூறில் மூன்றில் இரண்டு அறுபது. மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்த டான் இவ்வளவுதானா? பள்ளி வளவென்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"அறுபது சரிதான்" என்றார் வாப்பா. "ஆனா ஆரும் சொல்லித் தந்திரிக்கலாம். நாளைக்குக் காலையில எனக்கு முன்னால அளந்து காட்டு."

காலையில் நிழல் மறுபக்கம் விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. அது பள்ளி மதிலைத் தாண்டி, பிரதான வீதியைக் குறுக்கே கடந்து, எதிரே உள்ள பூட்டிய கடை வாசல்வரை நீண்டு கிடந்தது. வாப்பா டேப்பின் ஒரு நுனியை மினாராவின் அடியில் மிதித்துக்கொள்ள, மறு நுனியோடு நான் வீதியில் இறங்கினேன். நிந்தவூர்ப் பக்கமிருந்து பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. டேப்பை விடவா பிடிக்கவா என்று தெரியாமல் நடுவீதியில் விறைத்து நின்றேன். எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமை கொமர்ஸ்தான் என்று நினைத்தேன்.

வாப்பா டேப் நுனியில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். சாரனை மடித்துக் கட்டியபடி வீதிக்கு வந்து, பஸ்ஸுக்கு முன்னால் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் நில்லு தம்பி. டொக்டர் அளக்கிறார்."

அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியதில் டேப்பில் இருந்த இலக்கம் சரியாகத் தெரியவில்லை. அன்று அடிமட்டத்தின் நிழலையும் அளந்து கணக்குப் பார்த்தபோது ஐம்பத்தேழு அடிதான் வந்தது. வாப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அறுபது என்றே சொன்னார்.