பின்னால் வைக்காத அடி

குத்துச்சண்டைக்காரர்களில் இரண்டு ஜாதி உண்டு. முன்னால் ஏறி வந்து குத்துகிறவன், பின்னால் நகர்ந்துகொண்டே குத்துகிறவன். நான் இரண்டாவது ஜாதி. ஒல்லி உடம்பு, நீளக் கை. இடது கையை நீட்டி மூக்கில் ஒன்று வைத்துவிட்டு, எதிராளியின் கை வருவதற்குள் விலகிவிடுவேன். பட்டாளத்தில் எனக்குச் சோறு போட்டதே அந்த விலகல்தான்.

நெய்யாற்றின்கரைக்காரன் ஒருவனும் என் பட்டாளத்தில் இருந்தான். மலையாளி. கழுத்தே இல்லாத உடம்பு. நாலு குத்து வாங்கி ஒரு குத்து கொடுப்பான். அந்த ஒன்று போதும். ஆனால் துரத்த விட்டால் கடைசிச் சுற்றில் அவனுக்கு மூச்சு வாங்கும். முகாமில் அவனை நான் ஜெயித்ததெல்லாம் அப்படித்தான். சண்டை முடிந்ததும் ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

இருவரும் விடுப்பில் ஊருக்கு வந்த நேரம், எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் பாறசாலையில் ஒருவன் தும்மினால்கூட தமிழில் தும்மினானா, மலையாளத்தில் தும்மினானா என்று பார்த்த காலம். செங்கல் பக்கம் அறுத்த வயலில் கம்பு நட்டுக் கயிறு கட்டி எங்களை மோதவிட்டார்கள். ஏற்பாடு செய்தவர்களில் என் தாய்மாமனும் ஒருவர். போராட்டத்தில் முன்வரிசைக்காரர். குத்துச்சண்டையில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது.

முதல் சுற்றில் அவன் கை என்மேல் படவேயில்லை. ஆனால் நான் விலக விலக எங்கள் ஆட்களே கூவி ஏசினார்கள். ஒரு முழம் மண்ணும் தரமாட்டோம் என்று மாதக்கணக்கில் கத்தித் தொண்டை கட்டியவர்கள். நான் பின்னால் வைத்த ஒவ்வொரு அடியையும் மண்ணை விட்டுக்கொடுத்ததாகவே கண்டார்கள். மணி அடித்து மூலைக்கு வந்தேன். மாமனின் முகம் கறுத்திருந்தது.

"எலே, இனி ஒரு அடி பின்னால வச்சா வீட்டுப் படி ஏறாத. போறது நம்ம மானமாக்கும்."

நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே நின்றேன். எதிரே வந்தவன் ஒரு கணம் திகைத்தான். ஆனால் ஏறி வந்து குத்துகிறவனுக்கு வேறென்ன தெரியும்? அடி எல்லாம் ஒரே கண்ணில் விழுந்தது. நான் சாயும்வரை எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

இடது கண் போயிற்று. பட்டாளம் வீட்டுக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தவன் அந்த நெய்யாற்றின்கரைக்காரன் ஒருவன்தான். கட்டிலோரம் உட்கார்ந்து அழுதான்.

"நீ ஏன் மக்கா நின்னே? விலகிப் போயிருந்தா என்னைக்கொண்டு உன்னைத் தொட ஒக்குமா?"

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே கிடந்தது. மாமனின் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடம் போனார்கள். அதில் யாருடைய மானமும் போகவில்லை. மாமன் மட்டும் சாகும்வரை சாயாக்கடையில் என் தோளில் கையைப் போட்டு, புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், இவன் என் மருமகனாக்கும், ஒரு அடி பின்னால வைக்காதவன் என்று. எப்போதும் என் இடப்பக்கமாகவே வந்து நிற்பார். அவர் முகம் தெரிய வேண்டுமானால் நான்தான் திரும்ப வேண்டும். நான் திரும்பியதில்லை.