கப்பல் கிளம்பியபோது நாங்கள் ஜெபத்தில் இருந்தோம்

நண்பன் ஒருவன் உல்லாசக் கப்பலில் முதல் நாள் சாப்பிட்ட இரவு உணவைப் படமெடுத்து இன்று அனுப்பியிருந்தான். "ஏலே, நீ கப்பல்ல போயிருக்கியா?" என்று கேள்வி வேறு.

போயிருக்கிறேன்.

எழுபதுகளில், எனக்குப் பத்து வயது. சித்தப்பா அதிகாரியாக இருந்த சரக்குக் கப்பலில் தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குக் குடும்பமாகப் போனோம். கப்பல் கரையை விட்டு விலகும் நொடியைப் பார்க்க வேண்டும். என் ஆசை அது ஒன்றுதான்.

கிளம்பும் நேரம் பார்த்து இரவுச் சாப்பாட்டு மணி அடித்தது. சன்னலோர மேசை. தட்டில் வறுத்த சீலா மீன். நாசரேத்தில் தலைமையாசிரியரான அப்பா ஜெபத்தை ஆரம்பித்தார்.

"கண்ண மூடுலே. ஆமென் சொல்லுத வரைக்கும் தொறக்கக் கூடாது," என்றாள் அம்மா.

அப்பா மீனுக்கு நன்றி சொல்லிவிட்டு, மாலுமிகள், மழை காணாத சாத்தான்குளம், கணக்கில் தோற்ற மாணவர்கள் என்று ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார். காலடியில் தரை மெல்ல நடுங்கியது. மூடிய கண்ணுக்குள் யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது போலிருந்தது.

ஆமென்.

துறைமுக விளக்குகள் எங்கோ தூரத்தில் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது.

அப்பாவும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "கப்பல் எப்பம் கெளம்புச்சு?" அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.

"நீங்க சாத்தான்குளத்துக்கு மழை கேட்டீங்கள்லா, அப்பந்தான்," என்றாள் அம்மா, மீனைப் பிட்டுக்கொண்டே. "கயித்த அவுத்ததும் கரை அப்படியே நவுந்து போச்சு. அங்கன நின்ன ஒருத்தன் கை காட்டுனான். நானும் காட்டுனேன்."

ஜெபத்தில் கண் திறந்தவர்கள் இங்கே ஒப்புக்கொள்ளலாம். அப்பா ஃபேஸ்புக்கில் இல்லை.