நான்கு ஆம்பியர்

எழுபதுகளின் நடுவில் குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே பவர் ஹவுஸில் வேலை. ஓடைத் தண்ணீரில் ஓடும் ஜெனரேட்டர் இரண்டு. ஃபேக்டரி ஓடும்போது பெரியது. ஃபேக்டரி ஓய்ந்த நேரத்தில், ஆபீசுக்கும் ஆறு குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கும் மட்டும் சின்னது. அரைமணிக்கு ஒருதரம் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக் குறித்துவைப்பார். அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் சனிக்கிழமைதோறும் அதை நோட்டில் திருத்தமாக எழுதித் தருவது என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. படித்த படிப்புக்கு அந்த மலையில் வேறென்ன உபயோகம்?

பக்கத்து வீட்டுக்காரி எனக்கு நாலு வருஷம் பின்னால் கல்யாணமாகி வந்தவள். வந்த பத்தாம் மாதம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பெற்றாள். எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மெழுக எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளை பிறந்த சேதியை அவள் அம்மாவுக்கு எழுதியதும் நானேதான்.

"மூக்கும் முழியுமா இருக்கான்னு எழுதுங்கக்கா" என்றாள், பிள்ளையை மடியில் ஆட்டிக்கொண்டே. எழுதினேன். பேனா முனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

அந்த ஆடி மழையில் விறகெல்லாம் நனைந்து, அடுப்பை ஊதி ஊதி எனக்குக் கண் சிவந்திருந்தது. அவள் வீட்டிலோ தினமும் பத்து மணிக்குமேல் பிள்ளையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்கும். புகை மட்டும் வராது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

ஒரு சனிக்கிழமை நோட்டு எழுதும்போது கண்ணில் பட்டது. பத்து மணிக்கு இரண்டு ஆம்பியர். பத்தரைக்கு ஆறு. பதினொன்றுக்கு மறுபடி இரண்டு. காலையில் ஃபேக்டரி ஓய்ந்தபிறகு, தினமும் அப்படியே. கூடியது நாலு ஆம்பியர். இருநூற்று இருபது வோல்ட்டால் பெருக்கினால் எண்ணூற்று எண்பது வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஐம்பத்தைந்து ஓம் தடை. நாற்பது வாட் பல்புக்கு ஆயிரத்து இருநூறு ஓமுக்கு மேல் வரும். இவ்வளவு குறைந்த தடையில் இவ்வளவு கரண்டை இழுப்பது பல்பு இல்லை, தண்ணீர் காயவைக்கிற ஹீட்டர்.

வீட்டுக்கு இரண்டு பல்பு, அவ்வளவுதான் எஸ்டேட் சட்டம். மீறினால் ஒரு மாதம் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு: மெஷின் நின்றபிறகு கரண்ட் சும்மாதானே கிடக்கிறது, கொஞ்சம் எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று. நேர்மாறு. பெரிய ஜெனரேட்டர் ஓடும்போது எடுத்திருந்தால் அந்த நாலு ஆம்பியர் இருந்த இடம் தெரியாது. சின்னது ஓடும்போது எடுத்தால் மீட்டர் முள் துள்ளிக் குதிக்கும்.

கணக்கை ஒரு தாளில் போட்டேன். கீழே அவள் வீட்டு எண்ணை, "மூன்றாம் நம்பர் வீடு" என்று எழுதி நோட்டுக்குள் செருகினேன். ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர்தான் அந்த நோட்டைத் திங்கட்கிழமை பார்ப்பார். செவ்வாய்க்கிழமை ஆள் வந்து ஹீட்டரை எடுத்துக்கொண்டு ஃபியூஸையும் பிடுங்கிப் போனான்.

"கணக்கு பிரமாதம்னு டீ மேக்கர் என் முதுகைத் தட்டுதாரு. நாளைக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியில எப்படி முழிக்க?" என்று சாயங்காலம் வந்து கத்தினார் என் வீட்டுக்காரர். அன்று இருண்டு கிடந்த அந்த வீட்டைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு, கொட்டும் மழையில், பிள்ளையைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு அவள் என் வாசலில் நின்றாள்.

"விறகெல்லாம் ஊறிப் போச்சுக்கா. உங்க அடுப்புல பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி காயவச்சுக்கிடட்டுமா?"

காயவைத்தேன். என்னையே குளிப்பாட்டச் சொன்னாள். காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் கிடத்திக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். ஒன்பது மணியிலிருந்தே தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் காத்திருப்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் வருவாளா என்று தைரியமாக இருந்தேன்.

ஃபியூஸ் திரும்ப வந்த அன்று சொன்னாள்: "நாளையிலருந்து வரலக்கா. ஊர்லருந்து அம்மா வாராக." பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே தொடர்ந்தாள்: "அன்னைக்கு வந்த ஆளு ஒரு தாளை எங்க முன்னால விரிச்சான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா உங்க எழுத்து தெரியும்லா. எங்கம்மாவுக்கு எழுதுன காயிதத்துல பாத்த எழுத்துதான்."

நான் கேட்டேன்: "தெரிஞ்சுமா தினமும் வந்த?"

"பிள்ளைக்குச் சுடுதண்ணி வேணும்லா" என்றாள். அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்; எனக்கு வாய் உண்டு. பிள்ளை பெற்றதற்காக அவள்மேல் பட்டதைவிட, எல்லாம் தெரிந்தே அவனை என் காலில் கிடத்தினாளே, அதற்காகப் பட்ட பொறாமை பெரிது. மறுநாளும் ஒன்பது மணிக்குத் தண்ணீரை வைத்துவிட்டேன். அது கொதித்துக்கொண்டே கிடந்தது.