கடைசி டிஸ்க்கில் வைத்த பொட்டு

மாலா, தம்பி, அப்பா செய்த ஒரு தப்பை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாம் மலேசியாவில், கிள்ளானில் இருந்தபோது, மாலா, உன் படிப்புக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, அதில் வின்டோஸ் ஏற்றினேன். பதிமூன்று ஃபிளாப்பி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கடைசி டிஸ்க்கில் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றும் அதே இடம்தான்.

"மாலா, நீதானே டிஸ்க்கை எடுத்து விளையாண்டே? இனிமே இதத் தொடாதே!"

"நான் தொடவே இல்லப்பா" என்று அழுதாய். நான் நம்பவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் டிஸ்க்கின் தகட்டை நகர்த்தினார். உள்ளே காய்ந்த சந்தனம்.

"அண்ணே, இதுக்குப் போயி யாரு பொட்டு வச்சது?"

சரஸ்வதி பூஜையன்று, அடுக்கில் மேலே இருந்த அந்தக் கடைசி டிஸ்க்கின் தகட்டோரம் ஈரச் சந்தனத்தை நான்தான் வைத்தேன்; அது உள்ளே இறங்கியிருக்கிறது. சொன்னதும் சிரித்துவிட்டார்.

"சாமி வெளியவே இருக்கட்டும்லா. லேப்டாப்புக்கு ஒன்னும் இல்ல" என்று வேறு டிஸ்க் தந்தார். அப்பாடா என்றிருந்தது.

வீடு வந்தபோது யாரும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். யார் பயன்படுத்தப்போவது என்று கணினி பெயரைக் கேட்டது. முந்தைய மூன்று முறையும் என் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். இந்த முறை, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, மாலா என்று அடித்தேன்.