தேனீ வளர்த்தவரும் இன்னொருவரும்

எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே கலவரம். எங்கள் வீதிக்குள் வந்தவர்கள் வீடு வீடாகத் தேடி அலையவில்லை. கையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, எங்கே தமிழர் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, நேராக அந்தந்த வீட்டுப் படலையில் போய் நின்றார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சிங்கள அம்மா என்னை விறகு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதால் தப்பினேன். அன்றிலிருந்து யாராவது என் பெயரை எழுதினால், எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், என் தொழிலே மற்றவர்களின் பெயரை எழுதுவதுதான். நூலகமொன்றில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை.

பல வருடங்கள் அட்டையில் எழுதினோம். பிறகு கணினி வந்தது, அட்டையில் இருந்ததை அதில் ஏற்றினோம். யுத்தம் மறுபடி மூண்டு, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி முளைத்திருந்த நாட்களில், கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் எங்களுக்கு வகுப்பெடுக்க வந்தார். விஷயம், சொற்பொருள் வலை. மெல்லிய குரல், நல்ல மனிதர். இதுவரை நீங்கள் நூற்பட்டியலில் எழுதியதெல்லாம் கணினிக்கு வெறும் எழுத்துத்தான் என்றார். ஒரு பெயரைக் கண்டால் அது ஆளா, ஊரா, மருந்தா என்று அதற்குத் தெரியாது. இனித் தெரியவைக்க வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துக் கொடுங்கள். இந்த ஆள் இந்த நூலை எழுதினார். இந்த ஆள் இந்த ஊரில் பிறந்தார். இந்த ஊர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. உலகத்து நூலகங்கள் எல்லாம் இப்படிக் கொடுத்தால், எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒரு நூலைத் தேடுகிறவருக்கு எழுதியவரின் மற்ற நூல்கள், ஊர், காலம் எல்லாம் தானாகவே வந்து நிற்கும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. ஆள் யார், பிறந்த ஊர் எது, இங்கே யாரோடு இருக்கிறாய்? அன்று காலை பஸ்ஸை மறித்து ஏறிய சிப்பாயும் இவற்றைத்தான் கேட்டிருந்தான். பிறந்த ஊர் எதற்கு என்று எழுந்து கேட்டேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்தறியத்தான் என்றார் நிபுணர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குக் கூடுதல் பயம்.

எங்கள் நூலகத்தில் அந்த வேலையைப் பரீட்சார்த்தமாகச் செய்ய விடப்பட்டவர், அக்குறணையிலிருந்து தினமும் வந்துபோன முஸ்லிம் கணினிக்காரர். முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரர். அவரையும் நான் நம்பவில்லை. வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரோடு சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவார், நான் கிட்டப் போனதும் பேச்சு நின்றுவிடும். காரணம் இவ்வளவுதான். ஒருவரைச் சந்தேகிக்க அப்போது இவ்வளவு தாராளமாகப் போதும்.

முதல் கோணல் சீக்கிரமே தெரிந்தது. எங்களவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு பேர் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். ஒருவர் எழுதியவை தனிநாடு கேட்கும் துண்டுப் பிரசுரங்கள். அவற்றைப் பூட்டிய அலுமாரியில் வைத்திருந்தோம். மற்றவர் எழுதியது ஒரே ஒரு புத்தகம், மலைநாட்டில் தேனீ வளர்ப்பது பற்றி. எனக்கு முன்னர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தவர் தேனீக்காரரின் அட்டையில் பெயருக்குப் பக்கத்தில், ‘பள்ளிக்கூட வாத்தியார், வத்தேகம’ என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தார். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க நாங்கள் வழக்கமாகச் செய்கிற காரியம் அது. அட்டைகளைக் கணினியில் ஏற்றியபோது பென்சிலில் இருந்ததை யாரும் ஏற்றவில்லை.

“தம்பி, இதென்ன?” என்றேன் திரையைக் காட்டி. “தேன் எடுக்கிற மனுசன் தனிநாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார் எண்டு காட்டுது.”

“ஒரே இனிசல், ஒரே பேரு, ரெண்டுமே கண்டியில அச்சடிச்சது, மிஸ். ஒரே ஆள்தான்டு அதுவாக் கோத்துட்டுது. திருத்தலாம். பிரிக்கிறதுக்குப் பொறந்த ஊரோ வருசமோ வேணும். ஒங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் நான் கண்டதேயில்லை. இரண்டு பேர் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்க, பென்சிலால் எழுதியவரும் காலமாகிவிட்டார். உண்மையைச் சொன்னால், ஒருவேளை ஒரே ஆள்தானோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது. வாத்தியார் ஒருவர் தேனீயையும் எழுதலாம், மற்றதையும் எழுதலாம். விஷயம் அப்படியே கிடந்தது.

அப்படிக் கிடந்த நாட்களில்தான் ஒரு முற்பகலில் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகவே பேசினார். சுற்றிவளைப்பில் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பெயர், அவர்கள் தேடுகிற பெயர். அவரோ, நான் வத்தேகமவில் வாத்தியார், தேனீ பற்றிப் புத்தகம் எழுதியவன், வேண்டுமானால் கண்டி நூலகத்தில் கேளுங்கள் என்கிறாராம். அப்படிப் புத்தகம் இருக்கிறதா? இருந்தால் விடலாம், இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். கொழும்புக்கு அனுப்பினால் ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று அப்போது எல்லோருக்கும் தெரியும்.

என் கை கணினிப் பக்கம் போகவில்லை. எழுதியவர் பெயர்ப்படி அட்டைகள் அடுக்கிய லாச்சியையும் நான் இழுக்கவில்லை, அதில் இரண்டு பேரின் அட்டைகளும் முன்னும் பின்னுமாக இருந்தன. விவசாயம் என்று எழுதிய லாச்சியை இழுத்தேன். அங்கே தேனீ மட்டும்தான் இருந்தது. அட்டையைக் காட்டி, புத்தகத்தையும் எடுத்துவந்து வைத்தேன். பின்னட்டையில் ஆசிரியரின் படம் இருந்தது. தலையிலிருந்து நெஞ்சுவரை வலைத்துணி தொங்க, தேன்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் உருவம். முகம் துளியும் தெரியவில்லை. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர் கணினியைக் காட்டி, அதிலும் ஒருமுறை பாருங்கள் என்றார்.

அதில் பார்த்தால் தேனும் தனிநாடும் ஒன்றாக வந்து நிற்கும். நான் அக்குறணைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன், முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே. அவர் எழுந்து நின்று சிங்களத்தில், காலையிலிருந்தே இது வேலை செய்யவில்லை சேர் என்றார். திரை கறுத்திருந்தது. மேசைக்கு அடியில், அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், மின்கம்பி கழன்று கிடந்தது. அதிகாரி புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

நான் அக்குறணைக்காரர் பக்கம் திரும்பினேன். “அவர் வரப்போறது உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“வாசல்ல நிக்கிறவரோட சும்மாவா பேசுறன், மிஸ்? யாரு வாறாங்க, எதுக்கு வாறாங்கண்டு அவருதான் செல்லுவாரு. இண்டைக்கும் செல்லித்தான் வெச்சாரு. எங்கட பொடியனுகளையும் புடிக்கிறாங்கதானே.”

எழுந்துபோய் அவருக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

சில நாட்கள் கழித்து வாத்தியாரே நேரில் வந்தார். ஒல்லியான மனிதர், ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். முன்னால் இருந்த கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தவுடனேயே என் வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்க பிறந்தனீங்கள், சேர்?”

“ஹேவாஹெட்ட பக்கம், ஒரு தேயிலத் தோட்டத்துல.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களும் அதையேதான் கேக்குறீங்களா, மிஸ்?”

எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. கணினி செய்திருக்கும் வேலையைச் சொன்னேன். மின்கம்பியைக் கழற்றி ஒருமுறை தப்பலாம், ஒவ்வொரு முறையும் முடியாது. இந்தப் பட்டியல் முழுதாக வலையில் வெளியே போனால், உலகத்தில் எங்கிருந்து தேடினாலும் அவர் அந்த மற்ற ஆளாகத்தான் தெரிவார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டிருந்தார்.

“பிரிச்சிடலாம், சேர்,” என்றார் அக்குறணைக்காரர். “ஒங்கட பொறந்த ஊரு, வருசம், படிப்பிக்கிற எடம், இதுகளப் போட்டாச் சரி. இல்லாட்டி, இவரு அவரு இல்லண்டு நேராவே எழுதுறதுக்கும் வழி ஈக்கி.”

“ஊரும் பள்ளிக்கூடமும் போட்டா யாரு பாப்பாங்க?”

“யாரும் பாக்கலாம்.”

“அவரு இல்லன்னு எழுதினா?”

“அப்ப ஒங்கட பேருக்குப் பக்கத்துலயே அவருட பேரும் வரும்.”

வாத்தியார் சிரித்துவிட்டார். “நல்லா இருக்கு! நான் அவரு இல்லன்னு சொல்றதுக்கும் அவரு பக்கத்துல போயி நின்னுக்கிட்டுத்தான் சொல்லணுமா?” பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “எடுத்துடுங்க மிஸ். பொஸ்தகத்தையும் என்னையும், ரெண்டையும் அதுலேருந்து எடுத்துடுங்க,” என்றார்.

ஒரு புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பது எங்கள் தொழிலில் லேசான காரியமல்ல. தட்டில் அது இருக்கும், ஆனால் கேட்டுவருகிற எவருக்கும் அது கிடைக்காது. அவர் எழுதிய ஒரே புத்தகம் அது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அக்குறணைக்காரர் திரையிலிருந்து அழித்தார். நான் இரண்டு லாச்சிகளிலிருந்தும் அவருடைய அட்டைகளை உருவிக் கிழித்தேன். இனி அவரை எதனோடும் எவராலும் கோக்க முடியாது என்று எனக்கு ஒரு நிம்மதி.

வாத்தியார் கும்பிட்டுவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார்.

“மிஸ், மறுபடி புடிச்சாங்கன்னா? அன்னைக்கு இங்க கேளுங்கன்னு சொல்ல ஒரு எடம் இருந்திச்சு. இனி யாருகிட்ட கேக்கச் சொல்றது?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. “என்னட்டைக் கேக்கச் சொல்லுங்கோ, சேர்,” என்றேன். “நான் சொல்லுவன், நீங்கள்தான் அந்தப் புத்தகம் எழுதினது எண்டு.”

அவர் கோபமாகவோ கேலியாகவோ இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

“நீங்க எந்த ஊரு, மிஸ்?”

“யாழ்ப்பாணம்,” என்றேன், எந்தச் சோதனைச் சாவடியிலும் உதவாத அந்தப் பெயரை. அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.