தமிழ்க் கட்டத்துக்குச் சொல்லாத நேரம்

பெற்றோலுக்கு வரிசையிலை நிண்டு, துருப்பிடிச்ச சைக்கிளெல்லாம் திரும்ப றோட்டுக்கு வந்த வருஷம்தான் அண்ணை செத்தவர். அவர் இருந்தது வேலணையிலை, நான் நடைதூரத்திலை சுருவில் ஊரிலை. என்ரை சைக்கிளுக்கு அப்ப பின் ரியூப் இல்லை. அது வேறை கதை, அந்தக் கடைக்காரனும் ஒரு கள்ளன்.

சாவெண்டால் ஆள் வந்து சொல்லவேணும். சொல்லாத சாவுக்கு ஒருத்தரும் போகாயினம். அண்ணையின்ரை மோன் கொழும்பிலை கொம்பியூட்டர் வேலை. பெற்றோல் இல்லையெண்டு ஆள் அனுப்பாமல், ஊருக்காகத் தான் செய்து வச்சிருந்த இணையப் பக்கத்திலை போட்டிட்டு இருந்திட்டான். சுருவில் என்ன கனடாவோ?

எனக்கும் அண்ணைக்கும் எல்லைவேலியாலை நாலு வருஷம் கதையில்லை. அதாலை முதல்நாளே போய்க் குந்தியிருக்க மனம் வரேல்லை. எண்டாலும் கூடப்பிறந்தவர், பிரேதம் எடுக்கேக்கை முகத்தை ஒருக்காப் பாத்தாப் போதும் எண்டு இருந்தன். எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ரை மருமகள்தான் போனிலை தமிழிலை கிடந்ததை வாசிச்சாள், ரெண்டு மணிக்கு எடுக்கினமாம். நான் நடந்து போய்ச் சேரேக்கை பகல் ஒரு மணி. வீடு கழுவுகினம். குருக்களுக்கு வேறை இடமும் இருந்ததாலை பதினொண்டுக்கே எடுத்தாச்சு.

மோன் சுடலையாலை வந்து கிணத்தடியிலை தோய்ஞ்சுகொண்டு நிண்டான்.

"நேரம் மாறினதை ஏன்ரா போடேல்லை?"

"போட்டனான் சித்தப்பா. பக்கம் செய்யிற ஜாவாஸ்கிரிப்டிலை நாங்களே ஒரு பேர் வச்சுப் பக்கத்துக்குள்ளை அறிவிப்பு விடலாம். 'நேரம் மாறிட்டுது' எண்டு விட்டனான். கேக்கச்சொல்லி வச்ச கட்டம் அதைக் கேட்டுத் தன்ரை எழுத்தை மாத்தும். இங்கிலிஷிலை நேரம் போட்ட கட்டம் உடனை மாறினது."

"தமிழ்க் கட்டம்?"

"அது பிறகு சேத்தது. அதைக் கேக்க வைக்க மறந்துபோனன்."

"கொப்பற்ரை தம்பியையும் அப்பிடித்தான் மறந்தனீயோ?"

"கோவியாதேங்கோ. கனடாவிலை எல்லாரும் நேரத்துக்கு வீடியோவிலை பாத்தவை."

"அப்ப அவையையே வந்து பாடைக்குத் தோள் குடுக்கச் சொல்லியிருக்கலாமே."

வாளியை வச்சிட்டு உள்ளுக்குப் போயிட்டான். தேத்தண்ணி தந்தவை. நான் தொடேல்லை. கூடப்பிறந்தவருக்கு வாய்க்கரிசி போடாத கையாலை அந்த வீட்டுக் கோப்பையைப் பிடிக்க ஏலாது.

இந்த முறைத் திவசத்தையும் அதிலைதான் போட்டிருக்கிறானாம். தமிழ்க் கட்டம் இப்ப கேக்குதாம், மருமகள் சொல்லுறாள். கேக்கட்டும். நீர் வேலணைப் பக்கம் போறனீர்தானே, அவனைக் கண்டால் சொல்லும்: கட்டத்துக்குச் சொன்னது எனக்குச் சொன்னதில்லை. என்ரை வீட்டு வாசல் படலையடிக்கு வந்து வாயாலை சொல்லட்டும். சொன்னாலும் நான் வருவனோ தெரியாது, அதையும் சேத்துச் சொல்லிவிடும்.